தூதர் வீட்டு விருந்தும் எண்ணெய்க் கிணறும்: கேள்வி-பதில்

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் எண்ணெய் வாடை. வெளிநாட்டுக் கம்பெனிகள், அவற்றுக்கு வழிகாட்டும் தூதர்கள், கிணற்றுக்குச் சொந்தக்கார அரசுகள் என்று எல்லாரையும் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். சினிமாக் கேள்விகள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளட்டும்.

கே: தூதர் என்றால் கொடி, விருந்து, கைகுலுக்கல் என்று நினைத்திருந்தேன். எண்ணெய்க் கம்பெனிக்குப் பேரம் பேசக் கற்றுக்கொடுப்பதும் அவர் வேலையா? (தஞ்சாவூர்)

ப: விருந்தில் யார் பக்கத்தில் யார் உட்கார்ந்தார் என்பதுதானே பேரத்தின் முதல் தகவல்! 1961-ஆம் ஆண்டு வியன்னா உடன்படிக்கையின் 3-ஆம் பிரிவு, பொருளாதார உறவை வளர்ப்பதையும் தூதரகத்தின் கடமையாகச் சொல்கிறது. 41-ஆம் பிரிவு, போன நாட்டின் உள்விவகாரத்தில் தலையிடாதே என்கிறது. 42-ஆம் பிரிவு, சொந்த லாபத்துக்குத் தொழில் செய்யாதே என்கிறது. இந்த மூன்றுக்கும் நடுவே ஒரு சந்து இருக்கிறது. டேங்கர் லாரி அதன் வழியாகத்தான் போகிறது.

கே: அப்படி என்ன சொல்லிக்கொடுத்துவிடுவார்? கம்பெனிக்காரர்களிடம் இல்லாத மூளையா? (விருதுநகர்)

ப: மண்ணுக்குக் கீழே என்ன இருக்கிறது என்பது கம்பெனிக்குத் தெரியும். மண்ணுக்கு மேலே யார் இருக்கிறார்கள் என்பது தூதரகத்துக்குத் தெரியும். யார் கையெழுத்துக்கு மதிப்பு, அமைச்சரும் பிரதமரும் பேசிக்கொள்கிறார்களா, பக்கத்து நாடு எந்த விகிதத்துக்கு ஒப்புக்கொண்டது, போட்டிக் கம்பெனியின் ஆள் எந்த ஓட்டலில் தங்கியிருக்கிறார் என்பதெல்லாம் அந்த வீட்டுச் சரக்கு. 'இப்போது கேட்காதீர்கள், தேர்தல் முடியட்டும்' என்ற ஒரு வரிக்கே பல கோடி பெறுமானம் உண்டு. அதற்கு பில் வராது. ஆனால் சொல்பவருக்குச் சம்பளம் தருவது கம்பெனி இல்லை, அவருடைய அரசு. இந்தப் பக்கத்தைப் படித்து முடிக்கும்வரை அதை மறக்காதீர்கள்.

கே: தூதரைக் கல்யாணத் தரகர் என்று சொல்லலாமா? (காரைக்குடி)

ப: தரகர் இரண்டு வீட்டுக்கும் பொதுவானவர். இவர் மாப்பிள்ளைக்குத் தாய்மாமன்.

கே: இந்தக் கலையின் பழைய உதாரணம் ஒன்று சொல்லுங்களேன். (கும்பகோணம்)

ப: 1901, தெஹ்ரான். ஆஸ்திரேலியத் தங்கச் சுரங்கத்தில் பணம் பார்த்த வில்லியம் நாக்ஸ் டார்சி, பாரசீகத்தில், அதாவது இன்றைய ஈரானில், எண்ணெய் தேட உரிமை கேட்டார். அந்த நாட்டில் அவர் கடைசிவரை கால் வைக்கவே இல்லை. அவருடைய ஆளுக்குப் பின்னால் நின்றவர் பிரிட்டிஷ் தூதர் ஆர்தர் ஹார்டிஞ்ச். ரஷ்யா முறுக்கிக்கொள்ளும் என்பதால் வடக்கு மாகாணங்கள் ஐந்தை ஒப்பந்தத்திலிருந்து விலக்கினார்கள். ரஷ்யத் தூதரகத்துக்கும் முறையாகத் தகவல் போனது, பாரசீக மொழியில். அதைப் படித்துச் சொல்ல வேண்டிய அதிகாரி அப்போது ஊரில் இல்லை. அவர் திரும்புவதற்குள் பாரசீக மன்னர் ஷா கையெழுத்துப் போட்டுவிட்டார். இதை எழுதி வைத்தவர் வேறு யாருமில்லை, ஹார்டிஞ்சேதான்!

கிடைத்தது சுமார் 12 லட்சம் சதுர கிலோமீட்டருக்கு 60 ஆண்டு உரிமை. கொடுத்தது 20,000 பவுன் ரொக்கம், அதே மதிப்புக்குப் பங்குகள், ஆண்டுதோறும் நிகர லாபத்தில் 16 சதவீதம்.

கே: 16 சதவீதம் பரவாயில்லையே? (நாகர்கோவில்)

ப: பரவாயில்லைதான், நிகர லாபம் எவ்வளவு என்று கணக்குப் போடுபவர் நீங்களாக இருந்தால்! போட்டது கம்பெனி. துணைக் கம்பெனிகளின் லாபம் கணக்கில் சேருமா சேராதா என்று சண்டையே நடந்தது. பொறுக்க முடியாமல் 1932-ல் அப்போதைய மன்னர் ரேசா ஷா ஒப்பந்தத்தை ரத்து செய்தார். பிரிட்டன் விவகாரத்தைச் சர்வதேச சங்கத்துக்குக் கொண்டுபோனது. 1933-ல் புது ஒப்பந்தம். பழையது 1961-ல் முடிய வேண்டியது, புதியது 1993 வரை! கோபத்தில் கிழித்த காகிதத்துக்குப் பதிலாக 32 ஆண்டு நீளமான காகிதம் கிடைத்தது. கோபம் வரும்போது பக்கத்தில் ஒரு வக்கீல் இருப்பது நல்லது.

கே: தூதர்களின் பேச்சைக் கேட்காமல் கெட்ட கம்பெனி உண்டா? (கோவில்பட்டி)

ப: உண்டு. அதன் இன்றைய பெயர் பி.பி.

1950-ல் அமெரிக்க வெளியுறவுத் துறையில் மத்திய கிழக்கைக் கவனித்தவர் ஜார்ஜ் மெக்கீ. அவரே எண்ணெய் தேடிக் கண்டுபிடித்துச் சம்பாதித்தவர், ஆகவே கம்பெனிக்காரர்களின் பாஷை தெரியும். சவூதிக்கு லாபத்தில் பாதியைக் கொடுத்துவிடுங்கள் என்று, அங்கே எண்ணெய் எடுத்துவந்த அமெரிக்கக் கம்பெனி அராம்கோவின் முதலாளிகளுக்குச் சொன்னார். அவர்கள் கேட்டார்கள். 1950 டிசம்பர் 30-ல் பாதிக்குப் பாதி ஒப்பந்தம். கொடுத்த தொகையை அமெரிக்க வரியில் கழித்துக்கொள்ளவும் வழி பிறந்தது. பெருந்தன்மை கம்பெனியுடையது, செலவு அமெரிக்கக் கஜானாவுடையது!

அதே ஆண்டு மெக்கீ லண்டனுக்குப் போய், டார்சி உரிமையின் வாரிசான ஆங்கிலோ-ஈரானியன் கம்பெனிக்கும் இதையே சொன்னார். ஈரானுக்குத் தருவதைவிடப் பிரிட்டிஷ் அரசுக்கு அதிக வரி கட்டிக்கொண்டிருந்த கம்பெனி அது. அந்த அரசே அதன் பெரும்பான்மைப் பங்குதாரரும்கூட. தலைவர் வில்லியம் ஃப்ரேசர் அசையவில்லை. 1951 மார்ச்சில் ஈரான் நாடாளுமன்றம் எண்ணெயை அரசுடைமையாக்கியது. ஏப்ரலில் மொசாதேக் பிரதமரானார். பாதி கொடுக்க மனம் வராதவரிடமிருந்து முழுதும் போனது.

கே: 1953-ல் அமெரிக்காவும் பிரிட்டனும் சேர்ந்து மொசாதேக்கைக் கவிழ்த்தனவே. பிறகு முழுதும் திரும்பக் கிடைத்திருக்குமே? (சேலம்)

ப: அங்கேதான் அமெரிக்கத் தாய்மாமன் தன் பங்கைக் கேட்டார். 1954-ல் உருவான கூட்டமைப்பில் பழைய கம்பெனிக்கு 40 சதவீதம், ஷெல்லுக்கு 14, பிரெஞ்சுக் கம்பெனிக்கு 6. அமெரிக்காவின் ஐந்து பெரிய கம்பெனிகளுக்குத் தலா 8. பேச்சை நடத்திக் கொடுத்தவர் அமெரிக்க வெளியுறவுத் துறையின் எண்ணெய் ஆலோசகர் ஹெர்பர்ட் ஹூவர் ஜூனியர், முன்னாள் ஜனாதிபதியின் மகன். இத்தனைக்கும் அமெரிக்கக் கம்பெனிகள் தயங்கின. கையிலேயே எண்ணெய் ஏராளம், உள்நாட்டில் ஏகபோக வழக்கு வேறு. அரசு தைரியம் சொல்லி உள்ளே அழைத்து வந்தது.

ஈரானுக்கு லாபத்தில் எவ்வளவு என்கிறீர்களா? பாதி. ஃப்ரேசர் 1950-ல் கொடுக்க மறுத்த அதே பாதி!

கே: தூதர் பேச்சைக் கேட்டுக் கெட்ட கதையும் இருக்குமே? (ஈரோடு)

ப: இருக்கிறது. ருசியானது, ஆகவே கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

1969-ல் லிபியாவில் கடாஃபி ஆட்சியைப் பிடித்தார். எண்ணெய் விலையை உயர்த்து என்றார். எல்லாக் கம்பெனிகளோடும் மோதவில்லை. லிபியாவை விட்டால் கதியில்லாத ஆக்சிடென்டல் என்ற அமெரிக்கக் கம்பெனியைக் குறிவைத்து அதன் உற்பத்தியை வெட்டினார். அதன் தலைவர் ஆர்மண்ட் ஹாமர், மாற்று எண்ணெய் தந்து உதவுங்கள் என்று, பின்னாளில் எக்ஸான் எனப் பெயர் மாறிய கம்பெனியிடம் போய்க் கேட்டார். அவர் எதிர்பார்த்த விலைக்குக் கிடைக்கவில்லை. 1970 செப்டம்பரில் ஹாமர் பணிந்தார். பீப்பாய்க்கு 30 சென்ட் உயர்வு, கூடவே வரியும் உயர்ந்தது. ஒருவர் பணிந்ததும் மற்றவர்களும் வரிசையில் வந்தார்கள். ஈரான் சும்மா இருக்குமா? எனக்கும் என்றது. ஈரானுக்குக் கொடுத்தால் லிபியா அதற்கு மேல் கேட்கும். ஏணிக்கு முடிவே இல்லை.

கம்பெனிகளுக்கு அப்போதுதான் புத்தி வந்தது. இனி எல்லா நாடுகளோடும் சேர்த்து ஒரே மேஜையில்தான் பேசுவோம் என்று 1971 ஜனவரி 16-ல், எண்ணெய் ஏற்றுமதி நாடுகளின் சங்கமான ஒபெக்குக்குக் கூட்டாக எழுதின. போட்டிக் கம்பெனிகள் ஒன்றுகூடுவது அமெரிக்கச் சட்டப்படி குற்றமாகிவிடக் கூடாதே என்று, ஜான் மெக்லாய் என்ற கெட்டிக்கார வக்கீல் முன்கூட்டியே நீதித் துறையின் இசைவையும் வாங்கி வைத்திருந்தார்.

இதற்கு ஆதரவு திரட்டத்தான் அமெரிக்க வெளியுறவுத் துணைச் செயலர் ஜான் இர்வின் தெஹ்ரானுக்குப் பறந்தார். எண்ணெய் விவகாரம் அவருக்குப் புதிது. வளைகுடா நாடுகளோடு தனியாகப் பேசுங்கள், ஒழுங்காக நடந்துகொள்வோம் என்றார் ஈரான் மன்னர் ஷா. அமெரிக்கத் தூதர் இரண்டாம் டக்ளஸ் மெக்ஆர்தரும் அதற்குத் தலையாட்டினார். இர்வின் அப்படியே வாஷிங்டனுக்குச் சிபாரிசு செய்தார். எக்ஸானின் ஜார்ஜ் பியர்சியும் பி.பி.யின் ஸ்ட்ராத்அல்மண்ட் பிரபுவும் ஒரே மேஜைக் கனவோடு வந்து இறங்கியபோது, மேஜை இரண்டாக அறுக்கப்பட்டிருந்தது. அறுத்தவர்கள் சொந்த ஆட்கள்!

பிப்ரவரி 14-ல் தெஹ்ரான் ஒப்பந்தம், ஏப்ரலில் அதைவிடப் பெரிய உயர்வோடு திரிப்போலி ஒப்பந்தம். ஐந்தாண்டுக்கு விலை மாறாது என்று வாக்கு. 1973 அக்டோபரில் அந்த வாக்கும் காற்றில் போனது. வளைகுடா நாடுகள் யாரையும் கேட்காமல் விலையை 70 சதவீதம் உயர்த்தின.

இன்னொன்று. அந்த ஸ்ட்ராத்அல்மண்ட் பிரபு, பழைய வில்லியம் ஃப்ரேசரின் மகன். அப்பா தூதர் பேச்சைக் கேட்காமல் இழந்தார். மகன் தூதர்களை நம்பி வந்து இழந்தார்.

கே: ஷாவுக்காக அமெரிக்கத் தூதர் ஏன் சொந்த நாட்டுக் கம்பெனியை விட்டுக்கொடுத்தார்? (மதுரை)

ப: அமெரிக்காவுக்கு அப்போது ஷா முக்கியம். வளைகுடாவில் சோவியத்துக்கு எதிரான காவல்காரர் அவர். காவல்காரருக்குக் கொஞ்சம் கூடுதல் பணம் போனால் வாஷிங்டனுக்கு வருத்தமில்லை, அதுவும் கொடுப்பவர் வேறொருவராக இருக்கும்போது.

கே: கம்பெனியின் முகத்துக்கு நேரே 'முடியாது' என்று சொன்ன தூதர் யாராவது? (திண்டுக்கல்)

ப: ஜோசபஸ் டேனியல்ஸ். பத்திரிகை ஆசிரியராக இருந்து மெக்சிகோவுக்கு அமெரிக்கத் தூதரானவர். 1938 மார்ச் 18-ல் ஜனாதிபதி கார்டெனாஸ் வெளிநாட்டு எண்ணெய்க் கம்பெனிகளை அரசுடைமையாக்கினார். தங்கள் அரசு மிரட்ட வேண்டும் என்பது கம்பெனிகளின் ஆசை. வாஷிங்டனும் கடுமையாக ஒரு குறிப்பு அனுப்பியது. அதை வந்து சேராததாகவே வைத்துக்கொள்ள மெக்சிகோவுக்கு வழிவிட்டவர் டேனியல்ஸ்! கடைசியில் 1942-ல் இரு நாட்டு நிபுணர்கள் உட்கார்ந்து, சுமார் 2.4 கோடி டாலர் நஷ்டஈடு என்று மதிப்பிட்டார்கள். கம்பெனிகள் கேட்டதில் அது சிறு துண்டு.

பிரிட்டன் வேறு வழியில் போனது. கடுமையான குறிப்புகள் அனுப்பியது. போதாததற்குச் சம்பந்தமே இல்லாத பழைய பாக்கி ஒன்றையும் எடுத்துக்காட்டியது. மெக்சிகோ வெளியுறவு அமைச்சர் அந்தப் பாக்கிக்குக் காசோலையை நீட்டினார். பலசாலி நாடுகள்கூடக் கடனை நேரத்துக்குக் கட்டிவிடுவதில்லை என்று, அமெரிக்காவுக்கு பிரிட்டன் வைத்திருந்த போர்க் கடனை நாசூக்காக நினைவூட்டினார். கையோடு மெக்சிகோ தூதரக உறவையும் முறித்துக்கொண்டது. பாக்கி வசூல், உறவு நஷ்டம்.

கே: இலங்கையிலும் இப்படி நடந்ததாக அப்பா சொல்வார். உண்மையா? (யாழ்ப்பாணம்)

ப: அப்பா சொன்னது சரி. சிறிமாவோ பண்டாரநாயக்க அரசு 1961-ல் பெட்ரோலியக் கூட்டுத்தாபனத்தை அமைத்தது. 1962-ல் ஷெல், எஸ்ஸோ, கால்டெக்ஸ் மூன்றின் சொத்துகளில் ஒரு பகுதியைக் கையகப்படுத்தியது. நஷ்டஈடு எவ்வளவு என்பதில் இழுபறி. நஷ்டஈடு தராத நாட்டுக்கு உதவியை நிறுத்த வேண்டும் என்ற ஹிக்கன்லூப்பர் திருத்தம் அமெரிக்காவில் அப்போதுதான் சட்டமாகியிருந்தது. 1963 பிப்ரவரியில் அது முதல்முதலாகப் பாய்ந்தது இலங்கை மீதுதான்.

இந்த இடத்தில் தூதரின் கையையும் சட்டம் கட்டிவிட்டது. பேரத்தில் விட்டுப்பிடிக்க இடம் வேண்டும், சட்டத்தில் அது இல்லை. 1965-ல் டட்லி சேனநாயக்க அரசு வந்து நஷ்டஈட்டுக்கு உடன்பட்ட பிறகுதான் உதவி திரும்பியது. அரசுடைமையான வியாபாரம் மட்டும் கம்பெனிகளுக்குத் திரும்பவில்லை.

கே: தூதருக்கும் உளவாளிக்கும் என்ன வித்தியாசம்? (புதுச்சேரி)

ப: அனுப்பியது நாங்கள்தான் என்று அரசு ஒப்புக்கொண்டால் தூதர்.

கே: எண்ணெய்ப் பேரத்தில் ஒட்டுக்கேட்டதும் உண்டாமே? (திருவாரூர்)

ப: கிழக்குத் திமோர் சொல்லும் குற்றச்சாட்டு அது. 2002-ல் சுதந்திரம் பெற்ற சின்ன நாடு. அதற்கும் ஆஸ்திரேலியாவுக்கும் நடுக்கடலில் கிரேட்டர் சன்ரைஸ் என்ற எரிவாயு வயல். அதில் முன்னணியில் இருந்தது ஆஸ்திரேலியாவின் வுட்சைட் கம்பெனி. 2004-ல் கடல் எல்லைப் பேச்சு நடந்தபோது, உதவித் திட்டத்தில் அரசுக் கட்டடத்தைப் புதுப்பிக்க வந்தவர்கள் என்ற போர்வையில் உளவுத் துறையினர் ஒட்டுக்கேட்கும் கருவி பொருத்தினார்கள் என்பது புகார். 2006 ஒப்பந்தம், எல்லைப் பேச்சை 50 ஆண்டுக்குத் தள்ளிப்போட்டது.

அப்போதைய வெளியுறவு அமைச்சர் அலெக்சாண்டர் டவுனர், அரசியலை விட்ட பிறகு வுட்சைடுக்கு ஆலோசகரானார். வெளியுறவுத் துறைச் செயலராக இருந்த ஆஷ்டன் கால்வர்ட், ஓய்வு பெற்றதும் அதன் இயக்குநர் குழுவில் சேர்ந்தார். வியன்னாவின் 42-ஆம் பிரிவுக்கு ஓய்வூதியக்காரர்கள் அடக்கமில்லை!

விஷயத்தை வெளியே சொன்ன முன்னாள் உளவு அதிகாரி மீதும் அவருடைய வக்கீல் மீதும் ஆஸ்திரேலியா வழக்குப் போட்டது. அதிகாரிக்கு 2021-ல் நிறுத்திவைக்கப்பட்ட தண்டனை. வக்கீல் மீதான வழக்கு 2022-ல் கைவிடப்பட்டது. திமோர் ஹேக் நகருக்குப் போய்ப் போராடியது. 2018-ல் புது உடன்படிக்கை வந்தது. எரிவாயுக் குழாய் எந்தக் கரைக்குப் போகிறது என்பதைப் பொறுத்து, திமோருக்கு 70 அல்லது 80 சதவீதம்.

கே: கம்பெனி தூதருக்குத் துப்புக் கொடுப்பதும் நடக்குமா? (திருநெல்வேலி)

ப: தாராளமாக. நைஜீரியாவின் முக்கிய அமைச்சகங்கள் எல்லாவற்றிலும் தங்கள் ஆட்கள் இருப்பதாக ஷெல்லின் உயர் அதிகாரி ஒருவர் 2009-ல் அமெரிக்கத் தூதரிடம் சொன்னார். அந்தத் தூதரகத் தந்தி 2010-ல் விக்கிலீக்ஸ் வழியாக வெளியானது. கம்பெனியே அமைச்சகத்துக்குள் உட்கார்ந்திருக்கும்போது, பேரத்தில் மேஜைக்கு அந்தப் பக்கம் யார், இந்தப் பக்கம் யார்?

கே: 2003-ல் படையோடு போன அமெரிக்கா, ஈராக் எண்ணெயை அள்ளிக்கொண்டதா? (வேலூர்)

ப: அள்ளுவதற்கு வழி பார்த்தார்கள். சில பெரிய கம்பெனிகளுக்கு டெண்டர் இல்லாமல் தர இருந்த ஒப்பந்தங்களின் வரைவில், அமெரிக்க வெளியுறவுத் துறை தலைமையிலான ஆலோசகர்கள் உதவியதாக 2008-ல் நியூயார்க் டைம்ஸ் எழுதியது. எதிர்ப்பு கிளம்பி அவை கைவிடப்பட்டன.

2009 ஜூன் 30-ல் ஈராக் செய்தது வேறு. டி.வி. கேமரா முன்னால் ஏலம்! உறையைப் பிரித்து எல்லார் முன்னாலும் வாசித்தார்கள். ருமைலா வயலுக்கு பி.பி.யும் சீனாவின் சி.என்.பி.சி.யும் பீப்பாய்க்கு 3.99 டாலர் கூலி கேட்டன. இரண்டு டாலர்தான் என்றது ஈராக். சரி என்றார்கள். டிசம்பர் ஏலத்தில் ரஷ்யாவின் லுக்காயில் 1.15 டாலருக்கே ஒப்புக்கொண்டது. கேமரா முன்னால் தூதர் காதில் என்ன சொல்ல முடியும்?

கே: நம் தூதர்கள் மட்டும் சும்மாவா இருக்கிறார்கள்? (சென்னை)

ப: இருந்தால்தான் கேள்வி கேட்க வேண்டும். ஓ.என்.ஜி.சி. விதேஷ் 2001-ல் ரஷ்யாவின் சகாலின்-1 திட்டத்தில் 20 சதவீதமும், 2003-ல் சூடானில் 25 சதவீதமும் வாங்கியது. அரசுகள் பேசாமல் அத்தகைய பேரம் முடியாது. நாமும் இப்போது சில ஊர்களில் மாப்பிள்ளை வீடு.

உங்கள் ஊர் மணலி சுத்திகரிப்பு ஆலையையே பாருங்கள். 1965-ல் இந்திய அரசுக்கு 74 சதவீதம், அமெரிக்காவின் அமோகோவுக்கு 13, ஈரான் தேசிய எண்ணெய்க் கம்பெனிக்கு 13 என்று தொடங்கியது. அந்த ஈரானியக் கம்பெனி பிறந்ததே 1951 அரசுடைமையில்தான். மொசாதேக் போனார், அவர் காலத்துக் கம்பெனி மணலி வரை வந்தது.

கே: சின்ன நாடுகள் எப்படித்தான் தப்பிப்பது? (தூத்துக்குடி)

ப: தனக்கென்று ஒரு கெட்டிக்காரரை வேலைக்கு வைத்து. நார்வே அதைச் செய்தது, அதுவும் தற்செயலாக. ஃபரூக் அல்-காசிம் பாஸ்ராவில் ஈராக் பெட்ரோலியம் கம்பெனியில் வேலை பார்த்த புவியியலாளர். மகனின் சிகிச்சைக்காக 1968-ல் நார்வேக்குக் குடிபெயர்ந்தார். வேலை தேடித் தொழில் அமைச்சகத்தின் கதவைத் தட்டினார். அங்கே எண்ணெயைக் கவனிக்க விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்களே இருந்தார்கள். கம்பெனிகள் தந்த ஆய்வு முடிவுகளைப் படித்துச் சொல்லுங்கள் என்றார்கள். 1969 இறுதியில் எக்கோஃபிஸ்க் வயல் கண்டுபிடிக்கப்பட்டபோது, கம்பெனிகளின் கணக்கைத் திருப்பிக் கேட்கத் தெரிந்தவர் அரசின் பக்கம் இருந்தார். 1972-ல் அரசுக் கம்பெனி ஸ்டாட்ஆயிலும், தனிக் கண்காணிப்பு இயக்ககமும் உருவானதில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. கம்பெனிகளும் ஓடிவிடவில்லை, லாபம் பார்த்தன.

கே: முடிவாக என்ன சொல்கிறீர்கள்? தூதரைத் திட்டுவதா, கம்பெனியைத் திட்டுவதா? (கோயம்புத்தூர்)

ப: இருவரும் அவரவர் வேலையைப் பார்க்கிறார்கள். தன் வேலையைப் பார்க்காத அரசைத் திட்டுங்கள்.

உதாரணத்துக்கு, கயானா 2016-ல் எக்ஸான் கூட்டணியோடு ஒப்பந்தம் போட்டது. ராயல்டி 2 சதவீதம். ஒவ்வொரு மாதமும் எடுக்கும் எண்ணெயில் 75 சதவீதம் வரை செலவுக் கணக்கில் கழியும், மிச்சத்தில்தான் பாதிக்குப் பாதி. ஒப்பந்தத்தின் நகல் மக்கள் கைக்கு வந்தது 2017 டிசம்பரில். அதற்குப் பிறகு எழுந்த கூச்சலால் ஒப்பந்தத்தில் ஒரு வரியும் மாறவில்லை. ஆகவே உங்கள் ஊர் மண்ணுக்கடியில் எண்ணெயோ எரிவாயுவோ இருக்கிறது என்று யாராவது வந்து சொன்னால், கையெழுத்துக்கு முன்பே வரைவு நகலைக் கேளுங்கள். தகவல் உரிமைச் சட்டம் நம்மிடம் 2005-லிருந்தே இருக்கிறது. விண்ணப்பக் கட்டணம் பத்து ரூபாய்தான்.